எஞ்சினைக் காட்டாத வண்டிக்கு எந்தப் புத்தகம்?

கொச்சியிலிருந்து ஒரு பழைய போர்ஷே ஸ்போர்ட்ஸ் காரை ஓட்டிக்கொண்டு வந்து வீட்டு முற்றத்தில் நிறுத்தியதும் அப்பா முதலில் கேட்டது, "எஞ்சின் எங்க மக்கா இருக்கு?" என்றுதான். முன்பக்க மூடியைத் திறந்து காட்டினேன். பெட்டி வைக்கிற இடம், ஸ்டெப்னி, பேட்டரி. பின்பக்கம் திறந்தேன். அதுவும் பெட்டி வைக்கிற இடம்தான். ஓரத்தில் ஆயில் ஊற்றும் மூடி, டிப் ஸ்டிக், கூலன்ட் மூடி, அவ்வளவுதான். முப்பத்தோரு வருஷம் நாகர்கோவில் ராணித்தோட்டம் டிப்போவில் பஸ் எஞ்சின்களைப் பிரித்து மாட்டியவர் அப்பா. வண்டியை இரண்டு தடவை சுற்றி வந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குனிந்து அடியிலும் பார்த்தார். நிமிர்ந்து, "அப்ப இதுல எதைப் பாத்து வேலை செய்ய?" என்றார்.

நாலு வருஷமாக அந்தக் கேள்விக்குத்தான் பதில் தேடிக்கொண்டிருக்கிறேன். கண்ணால் பார்க்க முடியாத எஞ்சினில் வேலை செய்ய வேண்டுமென்றால் அதை முன்பே பார்த்தவர்கள் எழுதி வைத்ததைத்தான் நம்ப வேண்டும். யார் எழுதியதை நம்புவது என்பதுதான் விஷயம். பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்க ஆசைப்படும் பையன்கள் சிலர் என்னிடம் ஸ்பானர் செட் பற்றியும் ஜாக்கி பற்றியும் கேட்கிறார்கள். புத்தகம் பற்றி ஒருவரும் கேட்டதில்லை. எனக்குத் தெரிந்தவரை முதலில் வாங்க வேண்டியது வண்டிக்கு உரிய ரிப்பேர் புத்தகம். முடிந்தால் வண்டிக்கும் முன்னால்.

வண்டி போர்ஷே பாக்ஸ்டர். 2004 மாடல், 986 என்ற எண்ணால் அழைக்கப்படும் முதல் தலைமுறை. 2.7 லிட்டர், ஆறு சிலிண்டர். மூன்று இந்தப் பக்கமும் மூன்று அந்தப் பக்கமுமாக எஞ்சின் படுத்துக் கிடக்கும். இருக்கைக்குப் பின்னால், பின்சக்கர அச்சுக்கு முன்னால் அதை வைத்திருக்கிறார்கள். வண்டியின் கனம் நடுவில் இருப்பதால்தான் மாத்தூர் தொட்டிப் பாலத்துக்குப் போகிற அந்த வளைவுகளில் தண்டவாளத்தில் போவது போலப் போகிறது. அதே காரணத்தால்தான் எஞ்சினைத் தொடுவதும் கஷ்டம். மேலிருந்து பார்க்கத் துணிக்கூரையைப் பாதி தூக்கி நிறுத்தி, கீழே இருக்கும் மூடியைக் கழற்ற வேண்டும். முன்னாலிருந்து பார்க்க வேண்டுமென்றால் இருக்கைக்குப் பின்னால் உள்ள கம்பளத்தை உரித்து ஒரு தகட்டை எடுக்க வேண்டும். ஸ்பார்க் பிளக் மாற்றுவது என்றால் வண்டியைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, பின்சக்கரங்களைக் கழற்றி, பக்கவாட்டிலிருந்து கைவிட வேண்டும்.

நான் மஸ்கட்டில் பதினேழு வருஷம் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் ஒன்றில் பம்ப் பராமரிப்பில் இருந்தவன். அங்கே ஒரு கட்டுப்பாடு உண்டு. எத்தனை அனுபவம் இருந்தாலும் சரி, அந்தப் பம்பின் மேனுவலில் அந்தப் பக்கத்தைத் திறந்து மேஜையில் வைக்காமல் ஒரு நட்டைக்கூடத் தொடக்கூடாது. அப்பாவின் பள்ளிக்கூடம் வேறு. அவருக்குக் கைதான் புத்தகம். ஆனால் அவரிடமும் ஒரு பாக்கெட் டைரி இருந்தது. எந்த எஞ்சினுக்கு வால்வ் இடைவெளி எவ்வளவு, ஹெட் போல்ட்டுகளை நடுவிலிருந்து தொடங்கி வெளியே எந்த வரிசையில் முறுக்க வேண்டும் என்று பென்சிலால் சின்னச் சின்னப் படங்களாகப் போட்டு வைத்திருப்பார். சின்ன வயதில் அதைக் கோலம் என்று நினைத்திருக்கிறேன்.

முதலில் சின்னப் புத்தகத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். வண்டியோடு வரும் ஓனர்ஸ் மேனுவல். அதை யாரும் மதிப்பதில்லை. டாஷ்போர்டு பெட்டிக்குள் இன்சூரன்ஸ் பேப்பருக்கு அடியில் கிடக்கும். பழைய வண்டி வாங்கும்போது அது இருக்கிறதா என்றுகூடப் பலர் பார்ப்பதில்லை.

வாங்கிய வருஷம் இடவப்பாதி மழை, அதாவது வைகாசியில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழை, மூன்று வாரம் விடாமல் பெய்தது. வண்டியை எடுக்கவே இல்லை. மழை நின்று சாவியை அழுத்தினால் உயிரே இல்லை. பேட்டரி இறங்கிவிட்டது. பேட்டரி முன்மூடிக்குள் இருக்கிறது. ஆனால் இந்த மாடலில் முன்மூடியைத் திறப்பதே மின்சாரம்தான். பேட்டரியைத் தொட மூடி திறக்க வேண்டும், மூடி திறக்கப் பேட்டரியில் உயிர் வேண்டும். தெரிந்த எலக்ட்ரீஷியன் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, பம்பரைக் கழற்றிக் கம்பி விட்டு இழுக்கலாம் என்றார். எனக்கு வெப்ராளமாக வந்தது. அப்பாதான், "அந்தச் சின்ன புக்க எடு, பைய பாப்போம்" என்றார்.

அதில் இருந்தது, படத்தோடு. காலடிப் பக்கத்தில் இருக்கும் ஃபியூஸ் பெட்டியைத் திறந்தால் அதில் வெளியே இழுக்கக்கூடிய ஒரு பிளஸ் முனை இருக்கிறது. அதை இழுத்து, வேறொரு பேட்டரியின் பிளஸ் ஒயரை அதில் மாட்டி, மைனஸை வண்டியின் உலோகத்தில் பிடித்தால் மூடியின் பூட்டுக்கு மட்டும் போதுமான மின்சாரம் போகும். இதற்காகவே வைத்த முனை அது. பக்கத்து வீட்டு ஆட்டோவின் பேட்டரியை வாங்கி மாட்டினோம். 'டக்' என்று மூடி எழும்பியது. இதைக் கண்டுபிடிக்க எந்தப் பெரிய பணிமனை நூலும் தேவைப்படவில்லை. அதனால் பழைய வண்டி பார்க்கப் போகும்போது அந்தச் சின்னப் புத்தகம் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் அதே வருஷத்துக்கு உரியதைத் தேடி வாங்குங்கள். வருஷம் முக்கியம். இதே முதல் தலைமுறையில் முந்தைய வருஷங்களில் வந்த பாக்ஸ்டரில் இந்த மூடியைக் கேபிள்தான் இழுக்கும். அந்தப் புத்தகம் என் கையில் இருந்திருந்தால் இல்லாத நெம்புகோலைத் தேடிக்கொண்டிருப்பேன்.

சரி, பெரிய புத்தகங்களுக்கு வருவோம்.

வீட்டில் வண்டி பார்ப்பவர்களுக்கென்று ரிப்பேர் புத்தகம் எழுதலாம் என்பதை உலகம் முழுக்கப் பரப்பியவர் இங்கிலாந்தின் ஜான் ஹேன்ஸ். அவர் விமானப்படையில் இருந்தபோது ஏடனில் பணியாற்றினார். நான் வேலை பார்த்த ஓமனுக்கு அடுத்த நாடு இன்றைய ஏமன். அதன் துறைமுகம்தான் ஏடன். அங்கே நண்பர் ஒருவர் வாங்கிய பழைய ஆஸ்டின் ஹீலி ஸ்பிரைட் என்ற சின்ன ஸ்போர்ட்ஸ் கார் மோசமான நிலையில் இருந்தது. கம்பெனியின் மேனுவல் சாதாரண ஆளுக்குப் பயன்படும்படி இல்லை. ஹேன்ஸ் அந்த எஞ்சினைப் பிரித்து, ஒவ்வொரு படியையும் புகைப்படம் எடுத்து, மறுபடி பூட்டினார். அதிலிருந்து வந்ததுதான் 1966இல் வெளியான முதல் ஹேன்ஸ் மேனுவல். அரபு நாட்டு வெயிலில், கையில் இருக்கும் கருவிகளை வைத்து, பிறந்த ஊரிலிருந்து தொலைவில் இருக்கும் இரண்டு பேர் ஒரு ஸ்போர்ட்ஸ் காரைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் காட்சி எனக்கு ரொம்ப நெருக்கமானது. வெள்ளிக்கிழமை விடுமுறைகளில் மஸ்கட்டில் எங்கள் குடியிருப்பின் பின்புறம் இதேதான் நடக்கும்.

ஒரு புத்தகத்தை எடைபோட நான் முதலில் பார்ப்பதும் ஹேன்ஸின் அந்த வழக்கத்தைத்தான். எழுதியவர் உண்மையில் அந்த வண்டியைப் பிரித்திருக்கிறாரா? புகைப்படத்தில் கை அழுக்காக இருக்கிறதா? போல்ட்டின் மேல் தூசி தெரிகிறதா? பிரித்தவருக்குத் தெரிவது வேறு, கம்பெனியின் வரைபடத்தைப் பார்த்து எழுதியவருக்குத் தெரிவது வேறு. "இங்கே கை நுழையாது, முதலில் அந்தக் குழாயை நகர்த்துங்கள்" என்பது பிரித்தவர் மட்டுமே எழுதக்கூடிய வரி.

வாங்கும் முன் இன்னொரு சோதனை செய்வேன். எனக்கு ஏற்கனவே நன்றாகத் தெரிந்த ஒரு வேலையின் பக்கத்தைத் திறந்து படிப்பேன். தெரியாத வேலையின் பக்கத்தைப் படித்தால் எல்லாப் புத்தகமும் நல்ல புத்தகம் மாதிரிதான் இருக்கும். தெரிந்த வேலை என்றால் எது விட்டுப்போயிருக்கிறது என்று உடனே தெரியும். ஆயில் மாற்றும் பக்கம் இதற்குப் போதும். பழைய ஆயிலை இறக்கத் திறக்கும் டிரெயின் பிளக்கை எவ்வளவு முறுக்க வேண்டும் என்று எண் இருக்கிறதா? பிளக்கின் வாஷரை ஒரு தடவைக்கு மேல் போடக்கூடாது என்று சொல்லியிருக்கிறதா? ஆயில் சூடாக இருக்கும்போது இறக்க வேண்டுமா, ஆறிய பிறகா? ஜாக்கியை எங்கே கொடுப்பது என்று படம் இருக்கிறதா, இல்லை "வண்டியைப் பாதுகாப்பாகத் தூக்கவும்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்களா? இந்த வண்டிக்கு எட்டு லிட்டருக்கு மேல் ஆயில் பிடிக்கும். நம் ஊர் மாருதி 800க்குச் சுமார் மூன்று லிட்டர். எட்டையும் ஒரே மூச்சில் ஊற்றாமல், கொஞ்சம் குறைவாக ஊற்றி, அளவு பார்த்து, பிறகு மிச்சத்தை ஊற்றச் சொல்கிறதா என்று பார்ப்பேன். இதையெல்லாம் சொல்கிற புத்தகம் பிரேக் பக்கத்திலும் நம்மைக் கைவிடாது.

இந்தச் சோதனையில் தேறியது பென்ட்லி பப்ளிஷர்ஸ் வெளியிட்ட தடிப் புத்தகம். அந்த ஆடம்பரக் கார் கம்பெனிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை; அமெரிக்காவில் மசாசூசெட்ஸ் மாநிலத்துப் பதிப்பகம். 1997 முதல் 2004 வரையான பாக்ஸ்டர், பாக்ஸ்டர் எஸ் இரண்டுக்கும் ஒரே நூல். அமெரிக்காவில் இருக்கும் அக்காள் மகன் லீவுக்கு வரும்போது பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தான். "மாமா, இதுக்காக நாலு பாக்கெட் சாக்லேட்ட எடுத்து வெளிய வச்சேன்" என்றான்.

ஆனால் அது கைக்கு வருவதற்கு முன் ஒரு தப்பு நடந்தது. அதைச் சொல்லாமல் புத்தகம் தேர்ந்தெடுப்பதைப் பற்றி எழுத எனக்கு உரிமை இல்லை.

யாரோ ஸ்கேன் செய்து அனுப்பிய சில பக்கங்கள்தான் அப்போது என் போனில் இருந்தன. எந்தப் புத்தகத்தின் பக்கம், எந்த வருஷம், எதுவும் தெரியாது. நாலு சக்கரங்களையும் கழற்றி பிரேக் பேடு பார்த்துவிட்டுத் திரும்ப மாட்டினேன். அந்த ஸ்கேன் பக்கத்தில் வீல் போல்ட்டுக்கு 96 என்று இருந்தது. போல்ட்டை எவ்வளவு விசையில் முறுக்குகிறோம் என்று அளக்கும் என்னுடைய டார்க் ரெஞ்சில் 96 வைத்தேன். ஒவ்வொரு போல்ட்டாக 'க்ளிக்' கேட்கும்வரை முறுக்கினேன். இருபது போல்ட்டு, இருபது க்ளிக். மனசுக்கு நிறைவாக இருந்தது. மார்த்தாண்டம் மேம்பாலம் வரை ஒரு ஓட்டம் போய் வந்தேன்.

மறுநாள் காலையில் அப்பா சும்மா வீல் ஸ்பானரை எடுத்து ஒரு போல்ட்டில் வைத்து அழுத்தினார். போல்ட்டு இன்னும் நகர்ந்தது. அவர் என்னைப் பார்த்தார். "இது போதாதே மக்கா. இன்னும் போவுதே." நான் ரெஞ்சைக் காட்டினேன், பக்கத்தைக் காட்டினேன், 96 என்று போட்டிருக்கிறது பாருங்கள் என்றேன். அவருக்கு இங்கிலீஷ் எழுத்து கூட்டித்தான் படிக்க வரும். எண்ணுக்குப் பக்கத்தில் இருந்த எழுத்தின் மேல் விரலை வைத்தார். "இது என்ன?" என்றார்.

அது அடி-பவுண்டு. என் ரெஞ்ச் நியூட்டன் மீட்டர். ஒரு அடி-பவுண்டு என்பது 1.356 நியூட்டன் மீட்டர். 96 அடி-பவுண்டு என்றால் 130 நியூட்டன் மீட்டர். நாலில் ஒரு பங்குக்கும் அதிகமாகக் குறைத்து முறுக்கியிருக்கிறேன். பதினேழு வருஷம் இந்த எண்களோடு வேலை பார்த்தவன். முற்றத்தில் வெயிலில் நின்றுகொண்டு என் உள்ளங்கை வேர்த்தது இப்போதும் நினைவிருக்கிறது.

அன்றிலிருந்து, இரண்டு அளவையும் பக்கத்தில் பக்கத்தில் அச்சிடாத புத்தகத்தை நான் கடையிலேயே கீழே வைத்துவிடுவேன். பென்ட்லி இரண்டையும் போடுகிறது. முன்னட்டை இல்லாத, வருஷம் தெரியாத, யாரோ அனுப்பிய பக்கங்களை வைத்து பிரேக்கிலும் சக்கரத்திலும் ஸ்டியரிங்கிலும் கை வைப்பதில்லை. காசு மிச்சம் என்று தோன்றும். அந்த மேம்பாலத்தில் எனக்குப் பக்கத்து இருக்கையில் என் மகள் இருந்தாள்.

அதே வீல் போல்ட்டில் இன்னொரு விஷயம் இருக்கிறது. போர்ஷே இந்தப் போல்ட்டுகளுக்கு அலுமினியப் பசை ஒன்றை மெல்லியதாகத் தடவச் சொல்கிறது: மறையிலும் (திருகுப் புரியிலும்), போல்ட்டுத் தலைக்கும் அதில் சுழலும் வளையத்துக்கும் நடுவிலும். ஆனால் சக்கரத்தில் போய் அமரும் அந்த உருண்டையான பரப்பில் படவே கூடாது. பசை இருக்கும் மறையும் இல்லாத மறையும் ஒரே 130க்கு ஒரே மாதிரி இறுகாது. அதனால் எண்ணை மட்டும் கொடுத்து, மறை காய்ந்திருக்க வேண்டுமா பசையோடு இருக்க வேண்டுமா என்று சொல்லாத புத்தகம் பாதிதான் சொல்கிறது. குளச்சல் பக்கம் வீடு இருப்பவர்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். உப்புக்காற்றில் ஒரே வருஷத்தில் போல்ட்டு மறையில் துரு ஏறி, கழற்றும்போது 'கிறீச்' என்று கத்தும்.

போர்ஷே தன் பணிமனைகளுக்காகத் தயாரித்த மூல நூலைப் பார்க்காமல் இருக்க முடியுமா என்று கேட்பார்கள். பார்த்திருக்கிறேன். பல தொகுதிகள். அதைவிடத் துல்லியமானது எதுவும் இல்லை. ஆனால் அது பயிற்சி எடுத்த மெக்கானிக்குக்காக எழுதியது. "கியர்பாக்ஸை இறக்கவும்" என்று ஒரு வரி போதும் அவர்களுக்கு. லிஃப்ட் இருக்கிறது, தனித்தனி எண் போட்ட விசேஷக் கருவிகள் சுவரில் தொங்குகின்றன. எனக்கோ நாலு ஸ்டாண்டும், ரப்பர் ஷீட் காயப்போடுகிற கொட்டகையில் ஒரு சிமெண்ட் தரையும்தான். ஒரு எண்ணில் சந்தேகம் வந்தால் மூல நூல். வேலை செய்யப் பென்ட்லி.

உதிரிபாகப் பட்டியல் என்று ஒன்று உண்டு. பாகங்களைக் காற்றில் பிரித்துப் போட்ட மாதிரி வரைந்து, ஒவ்வொன்றுக்கும் எண் கொடுத்திருப்பார்கள். அதை யாரும் ரிப்பேர் மேனுவல் என்று சொல்ல மாட்டார்கள். ஆனால் எனக்கு மிகவும் உதவியது அதுதான். எந்த வாஷர் எதற்கு முன்னால், எந்த ஓ-ரிங் எந்தப் பள்ளத்தில் என்று நூறு வரி படிப்பதைவிட அந்த ஒரு படம் தெளிவாகக் காட்டும். எண்களிலும் கதை இருக்கிறது. கூலன்ட் தொட்டியின் மூடியை எடுத்துக்கொள்ளுங்கள். கம்பெனி அதைப் பலமுறை திருத்தியிருக்கிறது. பிந்திய மூடியின் எண் 04 என்று முடியும். என்னுடைய தொட்டியில் பழைய மூடி இருந்தது. எண் 996 என்று தொடங்கும். அது போர்ஷேயின் அந்தக் காலத்து 911 வண்டியின் எண். அதாவது அதற்கும் இதே மூடிதான். இது தெரிந்தால் கொச்சியிலோ சென்னையிலோ கடைக்காரர், "பாக்ஸ்டருக்கு இல்ல சார்" என்று சொல்லும்போது திரும்பி வர வேண்டியதில்லை.

அச்சான வருஷத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்த எஞ்சினுக்குள் இடைநிலைத் தண்டு ஒன்று உண்டு. அதன் முனையில் இருக்கும் பேரிங் சில வண்டிகளில் உடைந்து எஞ்சினையே கொண்டுபோயிருக்கிறது. 2001 முதல் 2005 வரையான மாடல்கள் தொடர்பாக அமெரிக்காவில் வழக்கு நடந்து 2013இல் சமரசம் ஆனது. வண்டி விற்பனையில் இருந்த காலத்தில் அந்தப் பேரிங் மட்டும் தனி உதிரிபாகமாகக் கிடைக்கவில்லை, அதனால் அந்தக் காலத்து மேனுவலில் அதை மாற்றும் முறையும் இல்லை. பிறகுதான் வெளிக் கம்பெனிகள் மாற்றுப் பேரிங் செய்தன, பிறகுதான் அதைப் பற்றி எழுதினார்கள். ஒரு வண்டி தன் நோயைக் காட்டவே பத்து வருஷம் ஆகும். அதனால் பணிமனை நூலோடு, வண்டி நன்றாகப் பழசான பிறகு அதை வைத்திருப்பவர் எழுதிய ஒரு புத்தகமும் வேண்டும். வெயின் டெம்ப்சி பாக்ஸ்டருக்கு எழுதிய 101 வேலைகள் கொண்ட புத்தகம் அந்த வகை. முறுக்கும் எண்களுக்கு நான் அதை நாடுவதில்லை. எது முதலில் கெடும், எதைக் கழற்றும்போது கூடவே எதை மாற்றிவிடுவது புத்திசாலித்தனம் என்பதற்கு நாடுகிறேன். பேரிங் விஷயத்தில் நான் செய்வது ஒன்றுதான். ஒவ்வொரு தடவை ஆயில் மாற்றும்போதும் பழைய ஃபில்ட்டரைப் பிளேடால் கீறி, மடிப்பு மடிப்பாக விரித்து வெயிலில் பார்க்கிறேன். உலோகத் துகள் மினுங்குகிறதா என்று. இதுவரை இல்லை. மினுங்கினால் வண்டியை ஓட்டாமல், லாரியில் ஏற்றித்தான் கொச்சிக்கு அனுப்புவேன். கியர்பாக்ஸை இறக்கும் வேலை என் கொட்டகையில் முடியாது.

இந்தப் புத்தகங்களில் பலவும் அமெரிக்காவில் எழுதியவை. அங்கே ஸ்டியரிங் இடதுபக்கம். "ஓட்டுநர் பக்கம்" என்று எழுதியிருந்தால் கவனமாகப் படிக்க வேண்டும். பெடல், பிரேக் மாஸ்டர் சிலிண்டர் போன்றவை நம் வண்டியில் பக்கம் மாறியிருக்கும். ஆனால் எஞ்சின் திரும்பி உட்காரவில்லை. அது எல்லா நாட்டிலும் ஒரே மாதிரிதான் கிடக்கிறது. எல்லாவற்றையும் மாற்றிப் படித்தாலும் தப்பு, எதையும் மாற்றாமல் படித்தாலும் தப்பு. என் புத்தகத்தில் அப்படியான இடங்களில் எல்லாம் பென்சிலால் அம்புக்குறி போட்டிருக்கிறேன்.

வீடியோக்களைப் பற்றிக் கேட்டால், பிளாஸ்டிக் கிளிப் எந்தப் பக்கம் அழுத்தினால் உடையாமல் வரும் என்று பார்க்க அதுபோல எதுவும் இல்லை. அதற்கு மேல் நான் நம்புவதில்லை. பத்து நிமிஷ வீடியோவில் கடைசி போல்ட்டை எவ்வளவு முறுக்கினார் என்பது வெட்டப்பட்டிருக்கும்.

எல்லாப் புத்தகமும் சேர்ந்தும் சொல்லாத ஒன்று இருக்கிறது. எங்கள் மழை.

நமக்கு இரண்டு மழைக்காலம். இடவத்தில் ஒன்று, ஐப்பசியில் ஒன்று. என் முற்றத்தில் ஒரு மாமரம், ஒரு அயனி. இரண்டாம் வருஷம் ஐப்பசியில் ஒருநாள் காலையில் கதவைத் திறந்தபோது காலடிக் கம்பளத்தில் கால் வைத்தால் சப்பென்று உறிஞ்சியது. "வெள்ளம் எப்பிடி கேறிச்சு?" என்று அப்பா கூரையின் தையலை எல்லாம் தடவிப் பார்த்தார். கூரை ஒழுகவில்லை. கூரை மடங்கும் இடத்தில், இரண்டு பக்கமும் மழைநீர் இறங்க ஒவ்வொரு துளை இருக்கிறது. கூரையைப் பாதி திறந்து நிறுத்தினால்தான் அது கண்ணில் படும். மாவிலைக் காம்பும் பூவும் மக்கிக் களிமண் மாதிரி அதை அடைத்திருந்தது. நிரம்பிய தண்ணீர் உள்ளே வழிந்திருக்கிறது.

கம்பளம் நனைந்தால் காயும். ஆனால் பென்ட்லியின் மின் பகுதியில், எந்தக் கன்ட்ரோல் யூனிட் எங்கே இருக்கிறது என்று காட்டும் பக்கத்தைத் திறந்தபோது வயிறு கலங்கியது. வண்டியைத் திருட்டிலிருந்து காக்கும் யூனிட் இருக்கைக்கு அடியில், தரையில் உட்கார்ந்திருக்கிறது. அது நனைந்தால் வண்டி பூட்டையும் திறக்காது, எஞ்சினையும் எடுக்காது. அன்றே இருக்கையைக் கழற்றினோம். யூனிட்டின் அடிப்பாகம் வரை ஈரம் வந்திருந்தது, உள்ளே போகவில்லை. கம்பளத்தை இரண்டு நாள் கொடியில் போட்டு, ஃபேன் காற்றில் காயவைத்தோம். துளைகளை அப்பா சைக்கிள் பிரேக் கேபிளால் பைய விட்டு விட்டுச் சுத்தம் செய்தார். அழுத்தினால் உள்ளே இருக்கும் குழாய் கழன்றுவிடும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை, விரல் சொன்னது.

அந்தப் பக்கத்தைத் திறக்காமல் இருந்திருந்தால் கம்பளத்தின் மேல்பக்கத்தை மட்டும் துடைத்துவிட்டு விட்டிருப்பேன். புத்தகத்தில் யூனிட் இருக்கும் இடம் இருந்தது. மாவிலை இல்லை. அதைச் சேர்க்க வேண்டியது நான்தான் என்று அன்று ராத்திரி ஒரு நோட்டு வாங்கினேன். நாற்பது பக்கம், கோடு போட்டது.

அதில் தமிழில் எழுதுகிறேன். இடவம் பிறக்கும் முன்னும் ஐப்பசிக்கு முன்னும் துளை பார்க்க வேண்டும், மாமரம் பூக்கும்போது வாரம் ஒருமுறை. டிரெயின் பிளக் 50, புது வாஷர். ஃபில்ட்டர் கிண்ணம் 25. ஸ்பார்க் பிளக் 30. வீல் போல்ட்டு 130. அதன் கீழே சிவப்பு மையில், அடி-பவுண்டு அல்ல. ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் எந்தப் புத்தகம், எந்தப் பக்கம் என்றும் குறித்து வைக்கிறேன், மறுபடி சரிபார்க்க. எண்களைப் புத்தகத்திலிருந்து எடுத்து எழுதுவேன். நினைவிலிருந்து ஒருபோதும் எழுதுவதில்லை. வேலை செய்யும் அன்று தேவையான இரண்டு பக்கங்களை வடசேரியில் ஜெராக்ஸ் எடுத்து, பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொட்டகைத் தூணில் கிளிப் போட்டுவிடுவேன். பென்ட்லி வீட்டுக்குள்ளேயே இருக்கும். வயரிங் படங்களை மட்டும் பெரிய தாளில் எடுத்து வைத்திருக்கிறேன். போன் திரையில் ஒரு ஒயரைப் பின்தொடர்ந்தால் நடுவழியில் வேறு நிறத்துக்குத் தாவிவிடுகிறோம்.

ஒருநாள் நோட்டைப் புரட்டிப் பார்த்த அப்பா ஹெட் போல்ட்டு படம் எங்கே என்றார். அந்த வேலை நான் செய்யப்போவதில்லை அப்பா என்றேன். "செய்யாட்டா என்ன? வரிசை தெரிஞ்சிருக்கணும்" என்று உள்ளே போய்த் தன் பழைய டைரியை எடுத்து வந்தார். பஸ் எஞ்சினுக்கு உரிய அந்த எண்கள் என் வண்டிக்கு உதவாது. அது அவருக்கும் தெரியும். இருந்தாலும் அதை நோட்டுக்குள்ளேயே வைத்துவிட்டுப் போனார். அங்கேயேதான் இருக்கிறது.

போன வாரம் களியக்காவிளையிலிருந்து ஒரு பையன் கூப்பிட்டான். பழைய பிஎம்டபிள்யூ இசட்4 ஒன்றுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டானாம். மேனுவல் என்று இரண்டு பிடிஎஃப் யாரோ அனுப்பியிருக்கிறார்கள், எது நல்லது என்று கேட்டான். இரண்டிலும் ஆயில் மாற்றும் பக்கத்தையும், முன் பிரேக் பேடு மாற்றும் பக்கத்தையும் பிரிண்ட் எடுத்து ஞாயிற்றுக்கிழமை கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். டாஷ்போர்டு பெட்டியில் சின்னப் புத்தகம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வா என்றும் சொன்னேன்.